வெரி குட் சொன்ன பிறகு: ஆரம்ப வகுப்பு ஆங்கிலமும் பாராட்டும்

நமது ஆரம்ப வகுப்புகளின் ஆங்கிலப் பாடவேளையில் அதிகம் கேட்கும் ஆங்கிலச் சொல் எதுவென்று யாராவது பின்வாங்கில் இருந்து எண்ணிப் பார்த்தால், அது 'வெரி குட்' ஆகத்தான் இருக்கும் என்று நினைக்கிறேன். டீச்சர் ஒரு படத்தைத் தூக்கிக் காட்டுவார். 'வட் இஸ் திஸ்?' ஒரு பிள்ளை எழும்பி 'கெட்' என்று சொல்லும். 'வெரி குட்!' பிள்ளை இருந்துவிடும். அடுத்த படம், அடுத்த பிள்ளை, அடுத்த வெரி குட். மணி அடிக்கும்போது முப்பது பிள்ளைகள் ஆளுக்கொரு சொல் சொல்லியிருப்பார்கள். ஒரு பிள்ளைகூட ஒரு வசனம் பேசியிருக்காது.

பாராட்டு வேண்டுமா வேண்டாமா என்பது இங்கே கேள்வியில்லை. வேண்டும். எந்தப் பாராட்டு பிள்ளையின் வாயை இன்னும் திறக்கிறது, எது அந்த இடத்திலேயே மூடிவிடுகிறது என்பதைத்தான் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க விரும்புகிறேன். தமிழைச் சிறப்புப் பாடமாகப் படித்த ஒருவருக்கு ஆங்கில வகுப்பில் என்ன வேலை என்று வாசகர் கேட்கலாம். நம் நாட்டு ஆரம்பப் பிரிவின் அமைப்பே அந்த வேலையைத் தந்தது. 1997ஆம் ஆண்டின் கல்விச் சீர்திருத்தம் 1998இல் கம்பஹா மாவட்டத்தில் பரீட்சார்த்தமாகவும் 1999இல் நாடு முழுவதும் முதலாம் தரத்தில் தொடங்கப்பட்டது. அதன்படி முதலாம், இரண்டாம் தரங்களில் பிள்ளைகளுக்கு ஆங்கிலம் எழுத்தாக அல்ல, செயற்பாட்டோடு சேர்ந்த வாய்மொழியாக அறிமுகமாகும். அதைச் செய்பவர் வகுப்பாசிரியர். மூன்றாம் தரத்திலிருந்துதான் அது பாடநூல், செயல்நூல் என்று முறையான பாடமாகிறது. ஆகவே 'ஸ்டேண்ட் அப், சிட் டவுன், கம் ஹியர்' என்று ஆங்கிலத்தின் முதல் ஓசையைப் பிள்ளையின் காதில் போடுவது பெரும்பாலும் ஆங்கில ஆசிரியரல்ல, என்னைப் போன்ற ஒருவர்தான். அந்த இரண்டு வருடத்தில் பிள்ளை ஆங்கிலம் பற்றி எதைப் படிக்கிறதோ இல்லையோ, ஒன்றைப் படித்துவிடுகிறது: வாயைத் திறந்தால் என்ன நடக்கும் என்பதை.

எங்கள் பக்கத்துப் பிள்ளைக்கு இது ஏன் பெரிய விசயம் என்றால், வகுப்புக்கு வெளியே ஆங்கிலம் பேசிப் பார்க்க இடமில்லை. மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் நடுவே நெருங்கிக் கிடக்கும் காத்தான்குடியிலோ, வடக்கே ஏறாவூரிலோ, ஓட்டமாவடியிலோ கடைத்தெருவில் தமிழ். பள்ளியில் தமிழும் அரபும். போனில் கார்ட்டூன் ஓடினாலும் அது ஒருவழிப் பேச்சு. ஆங்கிலத்தில் ஒரு கேள்விக்கு ஒரு பதில் சொல்லி, அந்தப் பதிலுக்கு இன்னொரு மனிதர் மறுமொழி சொல்வதைப் பிள்ளை அனுபவிக்கும் ஒரே இடம் வகுப்பறை. அதிலும் கிடைக்கும் மறுமொழி 'வெரி குட்' மட்டும்தான் என்றால் அந்தப் பிள்ளை ஆங்கிலத்தில் ஓர் உரையாடலையே காணாமல் ஐந்தாம் தரத்தைத் தாண்டிவிடும்.

இந்த மொழியோடு நமக்கிருக்கும் தயக்கத்துக்கு வயதும் அதிகம். புளியந்தீவில் வில்லியம் ஓல்ட் பாதிரியார் மெதடிஸ்த மிசன் கல்விப்பணியைத் தொடங்கியது 1814இல். இன்றைய மெதடிஸ்த மத்திய கல்லூரி தன் வரலாற்றை அந்த ஆண்டிலிருந்துதான் எண்ணுகிறது. சில மைல் தூரத்தில் இருந்த நம் ஊர்கள், மார்க்கம் போய்விடும் என்ற பயத்தில், நெடுங்காலம் ஒதுங்கியே நின்றன. 1882இல் முஸ்லிம் நேசனைத் தொடங்கிய அறிஞர் சித்தி லெப்பை அந்தப் பயத்தோடுதான் வாழ்நாளெல்லாம் வாதாடினார். இன்று அந்த மார்க்கப் பயம் இல்லை. அதன் இடத்தில் வேறொன்று இருக்கிறது. சிங்கள இளைஞர்கள் ஆங்கிலத்துக்கு 'கடுவ' என்று பெயர் வைத்தார்கள். வாள் என்று அர்த்தம். வெட்டுவதற்கு வைத்திருப்பவன் கையில் அது ஆயுதம், இல்லாதவன் கழுத்தில் அது காயம். எங்கள் ஊரில் அப்படியொரு சொல் இல்லாவிட்டாலும் காயம் இருக்கிறது. பல்கலைக்கழகம் போன பிள்ளை முதல் வருடத்தில் விரிவுரை விளங்காமல் பின்வாங்கில் ஒதுங்குவது, நேர்முகத் தேர்வில் தெரிந்த விடயத்தைச் சொல்ல முடியாமல் வியர்ப்பது எல்லாம் ஒரே நாளில் முளைப்பதில்லை. ஏழு வயதில் வாயை மூடிக்கொண்டதன் தொடர்ச்சி அது.

இனி அந்த 'வெரி குட்'டுக்கு வருவோம்.

வகுப்பறைப் பேச்சை ஆராய்பவர்கள் மிகப் பழைய ஒரு சங்கிலியைக் காட்டுவார்கள்: ஆசிரியர் கேட்பார், மாணவர் பதில் சொல்வார், ஆசிரியர் மதிப்பிடுவார். மூன்று கண்ணிகள். மூன்றாவது கண்ணி விழுந்ததும் கதை முடிந்தது. ஹன்சுன் சாங் வாரிங் என்ற ஆய்வாளர் 2008இல் வெளியிட்ட கட்டுரையொன்றில், அமெரிக்காவில் ஓர் ஆங்கில வகுப்பின் உரையாடல்களைச் சொல் சொல்லாகப் பிரித்துப் பார்த்து, ஆசிரியரின் 'வெரி குட்' என்ற சொல்லே மேலே பேசும் வாய்ப்பை அடைத்துவிடுகிறது என்று காட்டினார். பாராட்டப்பட்ட விடைக்கு மேல் இன்னொரு கேள்வி கேட்க, 'எனக்கு இது விளங்கவில்லை' என்று சொல்ல யாருக்கும் இடம் வருவதில்லை. கதவு சாத்தப்பட்டுவிட்டது. அவர் பார்த்தது வளர்ந்தவர்களின் வகுப்பு. வளர்ந்தவருக்கே அப்படியென்றால் ஆறு வயதுப் பிள்ளைக்குச் சொல்லவா வேண்டும்.

இதை நம் வகுப்பில் எளிதாகச் சோதித்துப் பார்க்கலாம். பிள்ளை 'கெட்' என்றதும் 'வெரி குட்' என்பதற்குப் பதிலாக, முகத்தில் ஆச்சரியத்தைக் காட்டி, 'ஓ, எ கெட்! இஸ் இட் யுவர் கெட்?' என்று கேட்டுப் பாருங்கள். வகுப்பு சிரிக்கும். பிள்ளை 'நோ, நோ' என்று தலையாட்டும். 'ஹூஸ் கெட்?' 'பெரியம்மாட கெட்!' இப்போது அந்தப் பிள்ளை பேசியிருக்கிறது. பாதி தமிழ்தான், பரவாயில்லை. தான் சொன்னதை டீச்சர் கேட்டார், அதனால் அவருக்கு இன்னும் தெரிய வேண்டியிருந்தது என்பது பிள்ளைக்கு விளங்கிவிட்டது. இதைவிடப் பெரிய பாராட்டு ஏழு வயதில் கிடையாது. ஒரு நல்ல கேள்வியே பாராட்டாக இருக்க முடியும் என்பது பயிற்சிப் பட்டறைகளில் போதிய அளவு பேசப்படுவதில்லை என்பது என் அபிப்பிராயம். அங்கே 'எக்ஸலண்ட், ஃபென்டாஸ்டிக், சூப்பர்' என்று பாராட்டுச் சொற்களின் பட்டியல்தான் கிடைக்கிறது.

தமிழ் அணியிலக்கணம் படித்தவர்களுக்குப் புகழ்ச்சி ஒரே சாதியல்ல என்பது தெரியும். தண்டியலங்காரம் புகழ்வதையும் பழிப்பதையும் பல விதமாக நுணுகிப் பிரிக்கிறது. பழிப்பது போலப் புகழ்வதைப் புகழாப் புகழ்ச்சி என்கிறது. ஒன்றைப் பழிக்க நினைத்து, அதைச் சொல்லாமல் மறைத்து, வேறொன்றைப் புகழ்வதை மாறுபடு புகழ்நிலை என்கிறது. இந்த இரண்டாவதை நான் படித்தது பல்கலைக்கழகத்தில். அது நடமாடுவதைக் கண்டது ஆரம்பப் பிரிவில். 'இந்தா பாருங்க, முன் வரிசைப் புள்ளயள் எவ்வளவு அழகா வாசிக்கிறாங்க!' என்று டீச்சர் சொல்லும்போது அது முன் வரிசைக்கான பாராட்டா? பின் வரிசைக்கான ஏச்சு. முன் வரிசைப் பிள்ளையும் அதை அறியும், பின் வரிசைப் பிள்ளையும் அறியும். புகழப்பட்ட பிள்ளைக்கு இடைவேளையில் நண்பர்கள் குறைவார்கள். வீட்டில் 'அடுத்த வீட்டுப் புள்ளயப் பார்' என்பதும் இதே அணிதான்.

பிற்கால அணிநூல்கள் பேசும் வஞ்சப் புகழ்ச்சியும் நம்மிடம் தாராளமாக உண்டு. ஒரு பிள்ளை தைரியமாக ஆங்கிலத்தில் ஏதாவது சொல்லிவிட்டால், 'ஆ, தொர வந்திட்டார்!' என்று ஒரு குரல் எழும். சில நேரம் அது சக பிள்ளையின் குரல், சில நேரம் பெரியவரின் குரல். சொல்பவருக்கு அது செல்லம். கேட்கும் பிள்ளைக்கு அது 'நீ எங்கள் ஆள் இல்லை' என்ற செய்தி. அந்த ஒரு சொல்லுக்குப் பிறகு இரண்டு மாதம் வாய் திறக்காத பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன். இதற்கு ஆசிரியர் வைக்கக்கூடிய எளிய விதி, வகுப்பில் யாரும் யாருடைய ஆங்கிலத்துக்கும் சிரிக்கக் கூடாது, டீச்சர் உட்பட என்பது. முதல் வாரத்திலேயே அதைச் சொல்லிவிட வேண்டும். சொன்னால் போதாது, முதல் சிரிப்பிலேயே நிறுத்தவும் வேண்டும்.

பழைய மரபில் எனக்குப் பிடித்தது வாயுறை வாழ்த்து. தொல்காப்பியச் செய்யுளியல் சொல்லும் வாழ்த்து வகைகளில் அதுவும் ஒன்று. முதலில் கைப்பாக இருந்தாலும் பின்னர் பயன் தரும் மருந்தைப் போன்ற அறிவுரையை வாழ்த்தோடு சேர்த்துச் சொல்வது அது. புகழையும் அடுத்த அடியையும் ஒரே மூச்சில் சொல்லும் கலை நமக்குப் புதிதில்லை.

மேற்கத்திய உளவியலில் இந்த விசயம் நூறு வருடப் பழையது. 1925இல் எலிசபெத் ஹர்லொக், கணக்குக் கூட்டல் செய்த பிள்ளைகளைப் பிரித்து, ஒரு குழுவை ஒவ்வொரு நாளும் பெயர் சொல்லிப் பாராட்டினார்; இன்னொன்றை ஏசினார்; இன்னொன்றை அதே அறையில் கண்டுகொள்ளாமல் விட்டார். பாராட்டப்பட்டவர்கள் தொடர்ந்து முன்னேறினார்கள். ஏசப்பட்டவர்கள் முதல் நாள் முன்னேறிப் பின்னர் சரிந்தார்கள். கண்டுகொள்ளப்படாதவர்கள் ஏசப்பட்டவர்களையும் விடக் குறைந்த முன்னேற்றமே காட்டினார்கள். ஏச்சைவிடக் கொடியது கண்டுகொள்ளாமை. நாற்பது பிள்ளைகள் உள்ள வகுப்பில் இதை நினைவில் வைத்திருக்க வேண்டும்.

1998இல் கிளோடியா முல்லரும் கெரல் ட்வெக்கும் வேறொரு கேள்வி கேட்டார்கள்: எதைப் பாராட்டுவது? ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் ஒரு புதிரை முடித்ததும் சிலரிடம் 'நீ கெட்டிக்காரப் பிள்ளை' என்ற கருத்திலும், சிலரிடம் 'நீ நன்றாக முயன்றிருக்கிறாய்' என்ற கருத்திலும் சொன்னார்கள். பிறகு கடினமான புதிர் ஒன்றில் எல்லோரும் தடுமாறினார்கள். அதன் பின் மீண்டும் எளிய புதிர்களைக் கொடுத்தபோது, கெட்டிக்காரப் பட்டம் வாங்கியவர்கள் முன்பை விடக் குறைவாகச் செய்தார்கள். முயற்சிக்குப் பாராட்டுப் பெற்றவர்கள் கூடுதலாகச் செய்தார்கள். இன்னொன்றும் நடந்தது. தம் புள்ளியை வேறொரு பாடசாலைப் பிள்ளைக்கு எழுதச் சொன்னபோது, கெட்டிக்காரர் என்று சொல்லப்பட்டவர்களில் பத்துக்கு ஏறத்தாழ நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். பட்டத்தைக் காப்பாற்றப் பொய் தேவைப்பட்டது. இந்த ஆய்வின் வழி வந்த கொள்கையை உலகமெங்கும் பயிற்சிப் பட்டறைகளாக விற்றார்கள். பின்னர் நடந்த பெரிய ஆய்வுகளில் அதன் பயன் அவ்வளவு பெரிதாகத் தெரியவில்லை. ஆனாலும் 'கெட்டிக்காரி' என்ற பட்டம் ஒரு சுமை என்பதை எந்த ஆசிரியரும் ஆய்வில்லாமலே அறிவார். புலமைப்பரிசில் பரீட்சையில் வெட்டுப்புள்ளி தவறிய கெட்டிக்காரப் பிள்ளையின் வீட்டுக்குப் போய் வந்தவர்களுக்கு நான் மேலே சொல்ல வேண்டியதில்லை.

நெதர்லாந்தில் எடி ப்ரும்மல்மனும் கூட்டாளிகளும் 2014இல் வெளியிட்ட ஆய்வும் நமக்கு வேண்டியது. தன்னம்பிக்கை குறைந்த பிள்ளைகளைக் கண்டால் பெரியவர்கள் இரக்கத்தில் மிகையாகப் புகழ்கிறார்கள். அந்த மிகைப் புகழோ அதே பிள்ளைகளைத்தான் கடினமான வேலையிலிருந்து பின்வாங்கச் செய்கிறது என்று அவர்கள் கண்டார்கள். ஒற்றைச் சொல்லுக்கு 'வாவ்! ஃபென்டாஸ்டிக்!' என்று கைதட்டினால், கூச்சமுள்ள பிள்ளை அடுத்த முறையும் அந்தப் பெரிய கைதட்டலுக்குத் தகுதியாக இருக்க வேண்டுமே என்று பயந்து எழும்பாமலே இருந்துவிடும்.

நம் சமூகத்தில் மறுபக்கத் தயக்கமும் இருக்கிறது. பிள்ளையின் முகத்துக்கு நேரே புகழக் கூடாது, கண்ணூறு பட்டுவிடும் என்று உம்மாமார் சொல்வார்கள். மார்க்கத்திலும் முகத்துக்கு நேர் புகழ்ச்சிக்கு எச்சரிக்கை உண்டு. ஒருவர் இன்னொருவரை அளவுமீறிப் புகழ்ந்தபோது, உமது தோழரின் கழுத்தை வெட்டிவிட்டீர் என்று நபி (ஸல்) அவர்கள் கண்டித்த செய்தி புகாரியிலும் முஸ்லிமிலும் இருக்கிறது. இதைக் காட்டிப் பாராட்டே வேண்டாம் என்று சொல்லும் ஆசிரியர்களும் உண்டு. நான் அப்படி விளங்கவில்லை. அதே புகாரியில் இளைஞர் அப்துல்லாஹ் இப்னு உமர் (ரழி) அவர்களைப் பற்றிய செய்தியும் இருக்கிறது. அவர் கண்ட கனவைச் சகோதரி ஹஃப்ஸா (ரழி) அவர்கள் நபியவர்களிடம் சொன்னபோது, அப்துல்லாஹ் நல்ல மனிதர், இரவில் தொழுபவராகவும் இருந்தால் எவ்வளவு நன்று என்ற கருத்தில் அவர்கள் சொன்னார்கள். அதன் பிறகு அவர் இரவில் குறைவாகவே உறங்கினார் என்று அவர் மகன் அறிவிக்கிறார். அந்தப் பாராட்டின் அமைப்பைக் கவனியுங்கள். அளவானது. நேரே முகத்தில் வீசப்படாமல் சகோதரி வழியாகப் போய்ச் சேர்ந்தது. அடுத்த அடி எதுவென்று ஒன்றே ஒன்றைச் சொன்னது. ஓர் ஆங்கில டீச்சருக்கு இதைவிட நல்ல மாதிரி எங்கே கிடைக்கும்? 'மகள் இண்டைக்கு மூணு வசனம் சேத்துச் சொன்னா, மாஷா அல்லாஹ். நாளைக்கு "பிகோஸ்" போட்டுச் சொல்லிப் பாக்கட்டும்' என்று உம்மாவிடம் பாடசாலை வாசலில் சொன்னால் அது பிள்ளையின் காதுக்குப் போகும். கண்ணூறும் படாது.

இனி எங்கள் பிள்ளைகளிடம் பாராட்டுவதற்கு உண்மையில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம். பாராட்டு பொய்யாகக் கூடாது என்றால் நிஜமான ஒன்றைத் தேட வேண்டும். கொஞ்சம் காது கொடுத்தால் அது பக்கத்திலேயே கிடக்கிறது.

தமிழில் ஃப இல்லை. அதனால் தமிழ் பேசும் பிள்ளை 'ஃபிஷ்'ஷைப் 'பிஷ்' என்றும் 'ஃபேன்'னைப் 'பேன்' என்றும் சொல்லும். அரபியில் ப இல்லை. அரபிப் பிள்ளை 'பென்'னைப் 'ben' போலக் குரலொலியோடு சொல்லித் தடுமாறும். எங்கள் பிள்ளையிடம் இரண்டும் உண்டு. ப தாய்மொழியில் வந்தது. ஃபா ஐந்து வயதில் ஓதப்பள்ளியில் வந்தது. கீழ் உதட்டில் மேற்பல் படவேண்டும் என்று லெப்பை சொல்லிக்கொடுத்து, வராவிட்டால் திரும்பத் திரும்ப ஓத வைத்த ஓசை அது. ஸாயும் அப்படித்தான். ஆங்கிலத்தில் 'ஸூ', 'ஸீரோ' என்பதில் வரும் அதிரும் ஸகரம் தமிழில் கிடையாது, ஓதலில் உண்டு. ஷீன் 'ஷிப்'பில் இருக்கிறது. 'த்ரீ' என்பதன் முதல் ஓசை நாக்கு நுனியைப் பல்லுக்கிடையில் வைத்து ஓதும் ஸா. 'திஸ்', 'தட்' என்பவற்றின் முதல் ஓசை அதே இடத்தில் பிறக்கும் தால். தொல்காப்பியத்தின் பிறப்பியலும் தஜ்வீதின் மக்ரஜ் பாடமும் ஒரே வேலையைச் செய்பவை: ஓசை வாயில் எங்கே பிறக்கிறது என்று காட்டுபவை. நம் முன்னோர் அரபுத்தமிழ் எழுதியபோது அரபு எழுத்துகளில் இல்லாத தமிழ் ஓசைகளுக்குப் புள்ளியும் கோடும் சேர்த்துப் புது எழுத்தே படைத்தார்கள். ஓசை வேறுபாட்டுக்குக் காது பழகிய சமூகம் நாம். ஆங்கில வகுப்புக்குள் நுழையும்போது மட்டும் எங்கள் பிள்ளை வெறுங்கையோடு வந்தது போல நடத்துகிறோம்.

இரண்டாம் தரத்தில் மீன் படத்தைக் காட்டினால் 'பிஷ்' என்றுதான் முதலில் வரும். 'பிழை' என்றால் வாய் மூடும். 'வெரி குட்' என்றால் பிழை நிலைக்கும். நான் இப்படிக் கேட்பேன்:

'மகன், ஓதப்பள்ளியில "ஃபா" எப்பிடி ஓதுவீங்க?'

'ஃபா.'

'அந்த ஃபாவ இதில போட்டுப் பாருங்க.'

'ஃ... ஃபிஷ்.'

'ஓதுற ஃபாவ இங்லிசுக்குக் கொண்டு வந்திட்டீங்க!'

இந்தக் கடைசி வசனம்தான் பாராட்டு. இதில் 'நல்லது', 'கெட்டிக்காரன்' என்று ஒரு சொல்லும் இல்லை. பிள்ளை என்ன செய்தது என்பதை அப்படியே சொல்கிறது. ஏற்கெனவே தன்னிடம் இருந்த ஒன்றால்தான் இது நடந்தது என்று பிள்ளைக்குத் தெரிகிறது. அடுத்து 'ஃபைவ்', 'ஃபாதர்', 'ஃபிங்கர்' என்று அதே சாவியை அதுவாகவே போட்டுப் பார்க்கும். பத்து வெரி குட் இதைச் செய்யாது. தடுமாறி ஓதுகிறவருக்கு இரட்டை நன்மை உண்டு என்ற ஹதீஸை இந்தப் பிள்ளைகள் ஓதப்பள்ளியில் ஏற்கெனவே கேட்டிருக்கிறார்கள். தடுமாற்றம் வெட்கமல்ல என்ற எண்ணம் வாப்பா வீட்டிலும் பள்ளியிலும் இருக்க, ஆங்கில வகுப்பில் மட்டும் தடுமாறினால் சிரிப்பு என்றால், பிழை மொழியில் இல்லை, நம் நடத்தையில்தான்.

எல்லா ஓசையும் இப்படி வந்துவிடாது என்பதையும் சொல்ல வேண்டும். 'வி'யும் 'டபிள்யூ'வும் வேறு வேறு என்பதற்குத் தமிழும் உதவாது, அரபும் உதவாது. அதை அப்படியே ஒத்துக்கொண்டு, 'இது எல்லாருக்கும் கஷ்டம், ரெண்டு மாசம் எடுக்கும்' என்று சொல்லிவிடலாம். அதுவும் பிள்ளைக்கு ஆறுதல்.

வசனத்துக்கு வரும்போது பாராட்டும் திருத்தமும் மோதிக்கொள்கின்றன. வாவியில் தோணி போகும் வீட்டுப் பிள்ளை மூன்றாம் தரத்தில் எழும்பி, 'மை வாப்பா கோ தோணி' என்கிறது. 'வெரி குட்! மை ஃபாதர் கோஸ் பை போட்' என்று டீச்சர் திருப்பிச் சொல்கிறார். பிள்ளையின் காதில் விழுவது முதல் இரண்டு சொல். மிச்சம், டீச்சரும் நான் சொன்னதையே சொன்னார் என்று போய்விடும். ரோய் லிஸ்டரும் லெய்லா ரன்டாவும் 1997இல் கனடாவின் பிரெஞ்சு வகுப்புகளைப் பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் பிழை திருத்தியவற்றில் பாதிக்கு மேற்பட்டவை இப்படிச் சரியான வடிவத்தைத் திருப்பிச் சொல்லும் வகை. அவற்றில் 31 வீதமானவற்றுக்குத்தான் மாணவர் ஏதாவது மறுமொழி காட்டினார்கள். பாதி சொல்லி நிறுத்தி மாணவரையே முடிக்க வைத்த இடங்களில் மறுமொழி வராமல் போனதே இல்லை. பாராட்டுச் சொல்லும் திருத்தமும் ஒன்றாக வந்தால் எது சரி, எது பிழை என்று மாணவருக்குத் தெரியாமல் போகிறது என்பதையும் லிஸ்டர் அடுத்த வருடமே எழுதினார்.

ஆகவே இரண்டையும் பிரித்துவிடுவது நல்லது. முதலில் பிள்ளை சொன்ன செய்திக்கு மனிதராக மறுமொழி சொல்லுங்கள். 'ஓ! வட் டஸ் ஹி கேட்ச்?' 'இறால்!' 'ப்ரோன்ஸ்! மெனி ப்ரோன்ஸ்?' 'யெஸ், மெனி ப்ரோன்ஸ்.' பேச்சு ஓடட்டும். முடியும் இடத்தில், ஒரே ஒரு பிழையை மட்டும் எடுத்து, 'ஐ கோ... ஹி...?' என்று நிறுத்துங்கள். பிள்ளை யோசிக்கும். பக்கத்துப் பிள்ளை முந்திக்கொண்டு சொல்லப் பார்க்கும், கையால் தடுங்கள். 'கோஸ்!' இப்போது 'நீங்களே கண்டுபிடிச்சிட்டீங்க' என்று சொன்னால் அது முழுக்க உண்மை. 'வாப்பா', 'தோணி' இரண்டையும் நான் திருத்துவதேயில்லை. சொல் தெரியாத இடத்தில் தமிழைப் போட்டு வசனத்தை முடித்த பிள்ளை, பேச்சை நிறுத்தாமல் தப்பிக்கும் வழியைக் கண்டுபிடித்திருக்கிறது. அதைத்தான் முதலில் பாராட்ட வேண்டும். ஆங்கில ஆசிரியர்கள் சிலர் இதில் என்னோடு ஒத்துக்கொள்வதில்லை. வகுப்பில் ஒரு தமிழ்ச் சொல்லும் வரக் கூடாது என்பது அவர்கள் கட்சி. நாற்பது நிமிடமும் ஆங்கிலம் மட்டும் என்ற விதி உள்ள வகுப்பில் ஆங்கிலம் பேசுவது டீச்சர் மட்டும்தான் என்பதைக் கண்ட பிறகு நான் என் கட்சியிலேயே இருக்கிறேன்.

பாராட்டை எந்த மொழியில் சொல்வது என்றும் கேட்கிறார்கள். முதல் மூன்று தரங்களில் பிள்ளை என்ன செய்தது என்ற விபரத்தைத் தமிழில் சொல்லலாம். விளங்காத பாராட்டில் பயனில்லை. பழகிய பிறகு 'யூ ரிமெம்பர்ட்', 'யூ ட்ரைட் அகெய்ன்' போன்ற சிறு வசனங்களுக்கு மாறலாம். 'எக்ஸலண்ட்'டைப் போலல்லாமல் அவற்றில் வினைச்சொல் இருக்கிறது. பிள்ளை அந்த வினைச்சொல்லையும் படித்துக்கொள்ளும்.

நட்சத்திரம் ஒட்டுவது, இனிப்புக் கொடுப்பது பற்றி அதிகம் சொல்ல விரும்பவில்லை. 1973இல் லெப்பரும் கூட்டாளிகளும் பாலர் பாடசாலையில் படம் வரைய விரும்பிய பிள்ளைகளுக்கு, வரைந்தால் சான்றிதழ் தருவோம் என்று முன்கூட்டியே சொல்லிக் கொடுத்தார்கள். பின்னர் சான்றிதழ் இல்லாத நாட்களில் அந்தப் பிள்ளைகள் மற்றவர்களைவிடக் குறைவாகவே வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு அப்படி நடக்கவில்லை. எப்போதாவது, சொல்லாமல் கொள்ளாமல் ஒரு டொஃபி கொடுத்தால் கெட்டுப்போகாது. சுவரில் பெயர்ப்பட்டியல் தொங்கவிட்டு நட்சத்திரம் எண்ணுவதுதான் எனக்குப் பிடிக்காது. அது மேலே சொன்ன மாறுபடு புகழ்நிலையைச் சுவரில் ஒட்டி வைப்பது.

வீட்டார் பற்றி ஒரு விசயம். 'எங்களுக்கு இங்லிஸ் தெரியா, எப்பிடி டீச்சர் ஊக்கப்படுத்துற?' என்று கேட்காத உம்மாமார் குறைவு. உம்மா வெளிநாட்டில் இருக்க மூத்தம்மாவோடு வளரும் பிள்ளைகளும் பலர். தெரியாததே வசதி என்பேன். 'இண்டைக்கு என்ன படிச்ச, எனக்குச் சொல்லித் தா' என்று மூத்தம்மா கேட்டு, 'ஃபிஷ்'ஷைப் 'பிஷ்' என்று தாறுமாறாகச் சொன்னால், பிள்ளை சிரித்துக்கொண்டு 'அப்பிடி இல்ல மூத்தம்மா, ஓதுற ஃபா!' என்று திருத்தும். பிள்ளை ஆசிரியராகும் அந்த ஐந்து நிமிடத்துக்கு எந்த டியூசனும் ஈடில்லை.

கடைசியாகத் தேர்ச்சி அறிக்கை. ஆங்கிலத்துக்கு எதிரே 'நன்று', 'மேலும் முயற்சிக்க' என்ற இரண்டு சொற்களைத் தவணைக்குத் தவணை மாற்றி எழுதுவது வழக்கம். அந்தக் கட்டம் சிறியதுதான், ஆனாலும் ஒரு வசனம் கொள்ளும். சென்ற தவணையில் ஒரு பிள்ளைக்கு இப்படி எழுதினேன்: 'தன் வீட்டைப் பற்றி நான்கு வசனம் பேசுகிறார். தெரியாத சொல்லுக்கு நிற்காமல் தமிழைப் போட்டு முடிக்கிறார். அடுத்த தவணை கேள்வி கேட்கப் பழக வேண்டும்.' அறிக்கையில் கையொப்பமிட வந்த வாப்பா அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, 'கேள்வி எண்டா எப்பிடி, டீச்சர்? ரெண்டு சொல்லுங்க, வீட்ட போய்க் கேக்கச் சொல்றன்' என்றார்.